மூன்று பாஸ்போர்ட்டும் ஓர் இஸ்திரிப்பெட்டியும்

பாப்பாவின் அண்ணன் கையில் அகப்பட்டு லேமினேஷன் ஆகாமல் தப்பித்த காகிதம் அந்த வீட்டில் அநேகமாக எதுவும் இல்லை. அவன் மனைவியின் பழைய மதிப்பெண் பட்டியல், துணி துவைக்கும் மெஷினை ஓட்டும் முறை, பூனைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பளபளவென்று சுவரிலும் டிராயரிலும் இருந்தன. லேமினேஷனுக்கு என்ன விலை என்று கடையில் மாட்டியிருந்த அட்டையும் லேமினேஷன் செய்யப்பட்டதுதான். விலை ஏறியபோது அதைத் திருத்த முடியாமல் பக்கத்தில் இன்னொன்று மாட்டினான்.

அவனுடையது ஜெராக்ஸ் கடை. தெருவில் அவனைப் 'பளபளா' என்பார்கள். அவன் கோபித்துக்கொள்வதில்லை.

லேமினேஷன் என்பது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. இரண்டு பிளாஸ்டிக் தாள்கள். உட்பக்கம் பசை, சாதாரணமாகத் தொட்டால் ஒட்டாது, சூடு பட்டால்தான் இளகும். நடுவில் காகிதத்தை வைத்துச் சூடான உருளைகளுக்கு இடையே விட்டால் மூன்றும் ஒன்றாகி வெளியே வரும். சூட்சுமம் ஓரத்தில் இருக்கிறது. காகிதத்தைத் தாண்டி நகக்கண் அளவுக்காவது பிளாஸ்டிக்கை விட்டு வெட்ட வேண்டும். அப்போதுதான் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒட்டி, தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் போகும். கஞ்சத்தனமாகக் காகிதத்தோடு சேர்த்து வெட்டினால் நாளடைவில் ஓரம் பிரிந்து தூக்கிக்கொள்ளும். அண்ணன் ஒரு ஆளைப் பற்றி "அவன் வேலையில ஓரம் தூக்கும்" என்று சொன்னால், அதற்கு மேல் திட்டுவதற்கு அவனிடம் வார்த்தை கிடையாது.

பாப்பாவின் தொழில் இதற்கு நேர் எதிர். அவள் துணிகளைத் திருத்திக் கொடுப்பவள். வாங்கிய கால்சட்டையின் நீளம் குறைப்பது, இடுப்பு பெருத்தவருக்குத் தையல் விட்டுக் கொடுப்பது, இளைத்தவருக்குப் பிடிப்பது. இந்த வேலையில் பாதி நேரம் பிரிப்பதற்கே போய்விடும். கவை போன்ற முனையுள்ள சின்னக் கருவி ஒன்று எப்போதும் அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கும். எவ்வளவு தப்பாகத் தைத்திருந்தாலும் பிரித்துவிடலாம் என்பது அவளுடைய உலகம். எதுவும் இனிப் பிரியவே கூடாது என்பது அவனுடையது. அப்பா விட்டுப்போன ஒரே வீட்டின் முன்பக்கத்தில் அவன் கடையும் பின்பக்க அறையில் அவள் மெஷினுமாக இரண்டு உலகங்களும் சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. பாப்பா என்பது கூப்பிடும் பெயர். அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

அவள் கணவன் வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியாத நிலையில் போனவன், அங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி வாங்கி, மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டான். சமீபத்தில் இரண்டு அறை கொண்ட வீட்டுக்கு மாறியிருந்தான். அவளுக்கென்று ஒரு சாவி வெட்டிக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தான். வீடியோவில் பேசும்போதெல்லாம் அவன் தோளுக்குப் பின்னால் அது தெரியும். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் சாவியைத்தான் பார்ப்பாள்.

அவள் கேட்டிருந்தது சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற விசா அல்ல. போய் அங்கேயே குடியேறுவதற்கானது. அதற்கு ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். கணவனின் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு மனைவி கணினியில் ஒரு நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை, பிறகு நேர்காணல். படிவத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்பார்கள். அனுப்பிவிட்டால் படிவம் பூட்டிக்கொள்ளும். நாமாகத் திறந்து ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. பாப்பா அனுப்பினாள். பூட்டிக்கொண்டது. அதன் பிறகுதான் அவள் பாஸ்போர்ட்டின் ஆயுள் முடியப்போவதை எல்லோரும் கவனித்தார்கள்.

"புதுப்பிச்சா நம்பர் மாறிடுமாம் அண்ணா."

"மாறினா மாறட்டும்."

"ஃபார்ம்ல பழைய நம்பர் இருக்கே."

அண்ணன் யோசித்தான். "பழைய நம்பர்ல இருக்கறது யாரு?"

"நான்தான்."

"புது நம்பர்ல?"

"அதுவும் நான்தான்."

"அத அவன் நம்பணுமே!"

உண்மையில் இதில் பயப்பட ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் இழுக்கிற காரியத்தில் நடுவே பாஸ்போர்ட் காலாவதியாவது அந்த அலுவலகத்துக்கு அன்றாடச் செய்தி. அவர்கள் ஆளை அடையாளம் வைத்திருப்பது விண்ணப்ப எண்ணை வைத்து. பாஸ்போர்ட் எண் அதில் ஒரு விவரம், அவ்வளவுதான். புதியது வந்ததும் அதன் முதல் பக்கத்தைப் படமெடுத்து, எண் மாறியிருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். பழையதைத் தூக்கிப் போடக் கூடாது. மூலையை வெட்டி, ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். பயணத்துக்கு அது செத்துவிட்டது. சாட்சி சொல்ல மட்டும் உயிரோடு இருக்கிறது. படிவத்தில் உள்ள எண்ணும் கையில் உள்ள எண்ணும் ஒரே ஆளுடையவைதான் என்று காட்ட, நேர்காணலுக்கு இரண்டையும் எடுத்துப் போக வேண்டும்.

பாப்பா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். புதிய பாஸ்போர்ட் வந்தது. படம் எடுத்து அனுப்பினாள். பதிலும் வந்தது. நேர்காணல் தேதியும் வந்தது. கையில் ஒரு நகல் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை அண்ணன் கடையில் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். அவள் செய்த தப்பு இது ஒன்றுதான். இரண்டாவது தப்பையும் சேர்க்க வேண்டுமென்றால், சற்று நேரத்தில் அவன் பின்னறை வாசலில் வந்து நின்றபோது அவன் கேட்டதைக் கொடுத்தது.

"பாப்பா, உன் இஸ்திரிப்பெட்டிய குடு."

"சட்டையா? கொண்டா, நானே போட்டுத் தரேன்."

"சட்டை இல்ல. நீ உன் வேலைய பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். இஸ்திரிப்பெட்டி சூடாகவே திரும்பி வந்தது. கூடவே பாஸ்போர்ட்டும்.

"இந்தா. இனிமே மழையில நனஞ்சாலும் சரி, கடல்ல விழுந்தாலும் சரி, உன் பேரு அழியாது."

"கடல்ல விழுந்தா நான் என்ன ஆவேன்?"

"உன்ன யாரு சொன்னா? பேரச் சொன்னேன்."

பாப்பா பாஸ்போர்ட்டைத் திறந்தாள். அவள் படம் இருந்த பக்கம் தானாகவே விறைப்பாக எழுந்து நின்றது.

புத்தகத்தை லேமினேஷன் மெஷினுக்குள் விட முடியாது. உருளைகளுக்கிடையே ஒரு தாள்தான் போகும். அதனால் அண்ணன் பிளாஸ்டிக் உறையைப் பக்கத்தின் அளவுக்கு வெட்டி, மேலும் கீழும் வைத்து, மெல்லிய பருத்தித் துணியை விரித்து, மிதமான சூட்டில் தேய்த்திருந்தான். சூடு கூடினால் பிளாஸ்டிக் சுருங்கும், குறைந்தால் குமிழி விழும். ஒரு குமிழிகூட இல்லை. முப்பது வருட அனுபவத்தை அந்த ஒரு பக்கத்தில் இறக்கி வைத்திருந்தான்.

"ஏண்ணா இதப் பண்ண?"

"அவங்களும் லேமினேஷன் பண்ணித்தான் குடுத்திருக்காங்க. நல்லா பாத்தேன். கீழ் மூலையில ஓரம் தூக்கியிருந்துச்சு."

பாப்பாவுக்கு என்னவோ சரியில்லை என்று தோன்றியது. ஆனால் என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அன்று கணவன் கூப்பிட்டபோது பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"கொஞ்சம் சாய்ச்சுக் காட்டு," என்றான் அவன். "ஏன் இப்படி மினுங்குது?"

"அண்ணன் லேமினேட் பண்ணிக் குடுத்தான்."

அவன் முகம் அப்படியே நின்றது. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தாள். போகவில்லை, அவன் ஒருமுறை கண்ணைச் சிமிட்டினான்.

"மச்சான்கிட்ட போன குடு."

அண்ணன் போனை வாங்கிச் சிரித்த முகத்தோடு, "என்ன மாப்ள, பாத்தீங்களா?" என்றான்.

"பாத்தேன் மச்சான். இத பிரிக்க முடியுமா?"

"பிரிக்க முடிஞ்சா அதுக்குப் பேரு லேமினேஷனா?"

அதற்குப் பிறகு போனின் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததை அண்ணன் நின்றுகொண்டே கேட்டான். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்து கேட்டான்.

எந்த நாட்டிலும் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறவர் படத்தை மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்தை வெளிச்சத்தில் சாய்ப்பார். கட்டைவிரலால் தடவுவார். எழுத்து எங்கே மேடாக இருக்கும், எந்தக் கோணத்தில் எந்தப் படம் மறைந்து தெரியும் என்பது அவர் விரலுக்கும் கண்ணுக்கும் பழக்கம். அந்தப் பக்கத்தின் மேல் அரசாங்கம் ஒட்டுகிற மெல்லிய படலம் தண்ணீருக்காக மட்டும் அல்ல. யாராவது கைவைத்தால் காட்டிக் கொடுப்பதற்காக. அதற்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக்கை ஒட்டினால் விரலுக்கு ஒன்றும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. மோசடிக்காரன் படத்தை மாற்றி ஒட்டினாலும் பக்கம் அப்படித்தான் இருக்கும். ஆகவே சட்டம் வித்தியாசம் பார்ப்பதில்லை. இது சேதமான பாஸ்போர்ட்.

பாப்பா கழுத்துக் கயிற்றிலிருந்து கருவியை எடுத்தாள். விளக்கடியில் பாஸ்போர்ட்டை வைத்து நான்கு பக்கமும் முனையை ஓட்டிப் பார்த்தாள். நுழைய ஓர் இடம் வேண்டும். எவ்வளவு தேர்ந்த தையல்காரரும் எங்கேயாவது ஓர் இடம் விட்டிருப்பார். இங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பக்கமே கிழியும் என்று கைக்குத் தெரிந்தது. கருவியை வைத்துவிட்டாள்.

அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தான். "வராது பாப்பா," என்றான். குரலில் பெருமை இருந்துவிடக் கூடாது என்று பாடுபட்டது தெரிந்தது.

தேதிதான் இப்போது உயிர். மருத்துவப் பரிசோதனைக்கு ஆயுள் குறைவு. விசாவுக்கு அதைவிட நீண்ட ஆயுள் தர மாட்டார்கள். இந்த நேர்காணலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குள் மருத்துவச் சான்றும் காலாவதியாகி, மறுபடி ஊசி, மறுபடி வரிசை. சாவி ஆணியிலேயே துருப்பிடிக்கும். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அண்ணனும் தங்கையும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனார்கள்.

கவுண்டரில் இருந்த அம்மாள் பாஸ்போர்ட்டைத் திறந்தாள். பக்கம் எழுந்து நின்றது. அவள் அதைப் படுக்க வைத்தாள். மறுபடி எழுந்தது.

"யாரு பண்ணது இது?"

"நான்தாங்க," என்றான் அண்ணன்.

"எதுக்கு?"

"ஓரம் தூக்கியிருந்துச்சு."

அந்த அம்மாள் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தாள்.

சேதமான பாஸ்போர்ட்டுக்குப் பதில் வேறு தருவார்கள். ஆனால் எப்படிச் சேதமாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாப்பா தன் பங்கை எழுதினாள். செய்தவரும் எழுத வேண்டும் என்றாள் அந்த அம்மாள். அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய், வெகுநேரம் கழித்து வந்தான்.

அவள் படித்தாள். "சார், 'பாதுகாப்பை மேம்படுத்தினேன்'னு எழுதக் கூடாது. 'சேதப்படுத்தினேன்'னு எழுதணும்."

"சேதம் எங்கம்மா ஆயிருக்கு? சேதம் ஆகக் கூடாதுன்னுதான பண்ணேன்?"

"அப்படின்னா உங்க தங்கச்சி இந்தப் பாஸ்போர்ட்டையே வச்சுக்கட்டும். நல்லாத்தான இருக்கு."

அண்ணன் இரண்டாவது தாளில் எழுதினான். 'என் தங்கையின் பாஸ்போர்ட்டை நான் சேதப்படுத்தினேன்.' எழுதி முடித்ததும் அதைத் தூரமாகப் பிடித்து வேறு யாரோ எழுதியதுபோல் படித்தான். கையெழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக விழுந்தது. அந்த அம்மாள் பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டி, தாளின் நகலில் முத்திரை குத்தி, இரண்டையும் பாப்பாவிடம் கொடுத்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து பாப்பா அவனோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். சாப்பிடும்போது அண்ணன், அண்ணி, அவள் மூவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரருக்கு உப்பு வேணுமான்னு கேளுங்க."

"ஏங்க, உப்பு வேணுமான்னு கேக்கறா."

"வேணாம்னு சொல்லு."

"வேணாமாம். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால் ஆபீசா?" என்று அண்ணி உப்பை எடுத்துத் தன் தட்டிலேயே போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது பாஸ்போர்ட் நேர்காணல் நடக்க வேண்டிய வாரத்தில்தான் வந்தது. அதுவரைக்கும் வீட்டில் அழைப்பு மணி அடித்தபோதெல்லாம் மூன்று பேரும் எழுந்தார்கள். தபால்காரர் வந்த அன்று அண்ணன் கடையை விட்டு இறங்கவில்லை. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அங்கிருந்தே பார்த்தான். பாப்பா முதல் பக்கத்தைப் படமெடுத்து, எண் மீண்டும் மாறியிருக்கிறது என்று எழுதி அனுப்பினாள். எல்லாப் பாஸ்போர்ட்டுகளையும் கொண்டு வரவும் என்று பதில் வந்தது. அவள் கைப்பையின் உள்பக்கத்தில் ஒரு பை வைத்துத் தைத்து, ஜிப் போட்டாள். இரட்டைத் தையல்.

நேர்காணலுக்கு அண்ணன்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டான். உள்ளே அவனை விடவில்லை. எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான்.

கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். கண்ணாடியின் அடியில் காகிதம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். பாப்பா மூன்றாவது பாஸ்போர்ட்டைத் தள்ளினாள். அதிகாரி திரையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"படிவத்துல இருக்கிறது இந்த எண் இல்லையே?" என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

பாப்பா முதல் பாஸ்போர்ட்டைத் தள்ளினாள். மூலை வெட்டியது. எண் பொருந்தியது. அதிகாரி தலையாட்டிவிட்டு மூன்றாவதின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். முன்பு இருந்த பாஸ்போர்ட் எது என்று அங்கே அச்சடித்திருப்பார்கள்.

"இதுக்கும் அதுக்கும் நடுவுல இன்னொண்ணு இருக்கு. அது எங்கே?"

பாப்பா இரண்டாவதைத் தள்ளினாள். அதிகாரி திறந்தார். பக்கம் எழுந்து நின்றது.

அவர் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். வளைத்துவிட்டார், அது திரும்ப நிமிர்ந்தது. பிறகு நகத்தை ஓரத்தில் கொடுத்து நெம்பினார். பாப்பா கல்யாணத் தேதி, கணவன் வேலை செய்யும் கம்பெனி, மாமியாரின் பிறந்த வருடம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தாள். இதற்குப் பதில் தயார் செய்யவில்லை.

"யார் இப்படிச் செஞ்சது?"

"எங்க அண்ணன்."

"எதுக்காக?"

ஓரம் தூக்கியிருந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அது இவரிடம் எடுபடாது என்று தோன்றியது. "அவனுக்குப் பிடிச்சவங்களோட பொருள் எதுவும் வீணாப் போயிடக் கூடாதுங்க. அவனால சும்மா இருக்க முடியாது. அதான் பாஸ்போர்ட் ஆபீசுல வேற குடுத்துட்டாங்க. காகிதம் இருக்கு," என்று அண்ணன் எழுதிக் கொடுத்ததன் முத்திரையிட்ட நகலையும் தள்ளினாள்.

மொழிபெயர்ப்பாளர் இதை மிகச் சுருக்கமாகச் சொன்னதுபோல் இருந்தது. அதிகாரி நகலைப் படித்தார். எழுந்து போய் இன்னொருவரை அழைத்து வந்தார். அவரும் நகத்தைக் கொடுத்து நெம்பினார். மூன்றாவதாக ஒரு பெண் அதிகாரி வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மூவரும் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். இருவர் போய்விட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி உட்கார்ந்தார். கணவனுக்கு என்ன வேலை என்று கேட்டார். லிஃப்ட், என்றாள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னாள். அங்கே போனால் எங்கே தங்குவீர்கள் என்று கேட்டார்.

"வீட்டுலதாங்க. ரெண்டு ரூம். என் சாவி கதவுக்குப் பக்கத்துல ஆணியில மாட்டியிருக்கு."

மொழிபெயர்ப்பாளர் இதை முழுவதும் சொன்னாள். அதிகாரி முதல் முறையாகப் பாப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூன்றாவது பாஸ்போர்ட்டை மட்டும் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பள்ளத்தில் தள்ளினார். பாஸ்போர்ட்டை அவர்கள் வைத்துக்கொண்டால் விசா ஒட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளரும் வாயால் சொன்னாள். இருந்தாலும் பாப்பா பள்ளத்தைப் பார்த்தபடியே நின்றாள். அடுத்தவர் வந்து நின்ற பிறகுதான் நகர்ந்தாள்.

டீக்கடையில் அண்ணன் எழுந்து நின்றான். அவன் முன்னால் டீ ஆடை கட்டிக் கிடந்தது. கேட்கவும் பயந்து, கேட்காமல் இருக்கவும் முடியாமல், அவள் கைப்பையையே பார்த்தான்.

பாப்பா பைக்குள்ளிருந்து இரண்டாவது பாஸ்போர்ட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"மூணாவத வச்சுக்கிட்டாங்க. விசா ஒட்டி அனுப்புவாங்களாம். இது உனக்கு."

அண்ணன் உட்கார்ந்துவிட்டான். அவள் அவனோடு நேராகப் பேசியது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சினான். கொஞ்ச நேரம் பாஸ்போர்ட்டைத் திறந்து திறந்து மூடினான்.

"இதப் பாத்தாங்களா?"

"மூணு பேரு பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"நகத்த விட்டு நெம்பினாங்க. ஒருத்தராலயும் முடியல."

அண்ணன் டீயை எடுத்து ஆடையோடு குடித்தான். "எப்படி முடியும்?" என்றான்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்த அன்று அவள் அதை மேசைமேல் விரித்து வைத்தாள். கணவனுக்குப் படம் அனுப்பினாள். அண்ணி வந்து பார்த்தாள். அண்ணன் கடையிலிருந்து வந்து, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். விசா என்பது ஒரு பக்க அளவுக்கான ஒட்டுத்தாள். அதில் அவள் படம், பெயர், மூன்றாவது பாஸ்போர்ட்டின் எண். எல்லாவற்றையும் அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான். இன்னும் குனிந்தான்.

"பாப்பா."

"ம்."

"கீழ் மூலையில லேசா ஓரம் தூக்கியிருக்கு."

பாப்பா பாஸ்போர்ட்டை மூடிக் கைப்பையின் உள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு பின்னறைக்குப் போய், இஸ்திரிப்பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுற்றி எடுத்து, பெட்டியைத் தன் சூட்கேஸில் வைத்துக்கொண்டாள்.